வக்கீல் கவுனைக் கழற்றிவிட்டு வகுப்பறைக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். அரசமைப்புச் சட்டத்தில் எல்.எல்.எம். முடித்துவிட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறீர்கள். ரிட் மனு எழுதப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு வழக்கு முடிந்ததும் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் அடுத்த வழக்குக் கட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. பிஎச்.டி. செய்து பொதுச் சட்டமும் மனித உரிமையும் கற்பிக்கும் ஆசிரியராகிவிடலாமா, அதில் பிழைக்க முடியுமா, அந்த ஆய்வால் யாருக்காவது பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடங்களாக அரசமைப்புச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் கற்பிக்கிறவன். அரசாங்கம் எழுதிக் குவிக்கும் காகிதங்களைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்கப் பிடிக்கும் என்றால் தாராளமாக வாருங்கள். அநியாயத்தைக் கண்டால் உடனே எழுந்து பேசியாக வேண்டும் என்ற சுபாவம் என்றால் நீதிமன்றத்திலேயே இருங்கள். அங்கும் ஆள் தேவைப்படுகிறது.

பயன் உண்டா என்ற கேள்விக்கு, ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நான் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. டி.சி. வாத்வா சட்டம் படித்த பேராசிரியர் இல்லை. புனேயில் உள்ள கோகலே நிறுவனத்தில் பொருளாதாரம் ஆய்வு செய்தவர். பீகாரின் நிலச் சட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, தான் தேடும் சட்டம் சட்டமாகவே இல்லை, அவசரச் சட்டமாக இருக்கிறது என்பதைக் கவனித்தார். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு அரசமைப்பின் 213ஆவது பிரிவு மிகக் குறைந்த ஆயுளைத்தான் கொடுத்திருக்கிறது. சட்டமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் அது செத்துவிடும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எப்படி இழுத்தாலும் ஏழரை மாதம். ஆனால் வாத்வா பார்த்த அவசரச் சட்டம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தது.

அவர் பீகார் அரசிதழ்களை எடுத்து உட்கார்ந்தார். 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், மறுபடியும் மறுபடியும் பிறப்பிக்கப்பட்டு, ஓராண்டிலிருந்து 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன. கரும்பு கொள்முதல் பற்றிய ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 14 ஆண்டு நடந்தது. அதாவது ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் வரை, சட்டமன்றத்தின் முன் ஒரு மசோதாவாகக்கூட வராத ஒன்று, கரும்பு விவசாயியைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. இதில் சதி, ரகசியம் எதுவும் கிடையாது. கூட்டத்தொடர் முடிந்ததும், காலாவதியாகப்போகும் அவசரச் சட்டங்களைப் பழைய வடிவிலேயே மறுபடி பிறப்பிக்க நடவடிக்கை எடுக்குமாறு துறைகளுக்கு வழக்கமான சுற்றறிக்கை போகும். குமாஸ்தா வேலைபோல நடந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆவணம் அந்தச் சுற்றறிக்கைதான்.

1983இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அரசமைப்பின் மீதான மோசடி என்று தலைப்பிலேயே சொன்னார். பிறகு உச்ச நீதிமன்றம் போனார். உனக்கு என்ன பாதிப்பு, நீ யார் வழக்குப் போட என்று பீகார் அரசு கேட்டது. அரசமைப்பு சரியாக நடைமுறைப்படுத்தப்படுவதில் அக்கறை உள்ள ஓர் ஆய்வாளருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. 1986 டிசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, இப்படி மறுபடி மறுபடி பிறப்பிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று சொன்னது. அவருடைய உழைப்பைப் பாராட்டி 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அத்தனை வருட உழைப்புக்கு 10,000 ரூபாய்! நம் துறையின் வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுவே பாதி பதில்.

தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பீகாரிலேயே 1989 முதல் 1992 வரை சமஸ்கிருதப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்வது பற்றிய அவசரச் சட்டம் ஒன்று வரிசையாகப் பிறப்பிக்கப்பட்டது. அந்த வழக்கு ஏழு நீதிபதிகள் அமர்வுக்குப் போய், 2017 ஜனவரி 2 அன்றுதான் முடிந்தது. மறுபடி பிறப்பிப்பது மோசடிதான் என்று அப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஆய்வின் பலன் வரும் வேகம் இதுதான். இந்த வேகம் உங்களுக்கு எரிச்சல் தருமா, தராதா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு மாதிரியும் உண்டு. மதுரா வழக்கு உங்களுக்குத் தெரியும். 1972இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளானார். உயர் நீதிமன்றம் இரண்டு காவலர்களைத் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கத்தவில்லை, ஆகவே சம்மதம் என்ற தர்க்கம். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காவல் நிலையத்தில், இரவில், காக்கிச் சட்டைக்கு முன் ஓர் ஏழைப் பெண் அடங்கிப்போவதைச் சம்மதம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டார்கள். சீராய்வு மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் கடிதம் தெருவுக்கு வந்தது, பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகக் கூடின, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்கொடுமையில், உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதம் இல்லை என்று பெண் சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு வந்தது இப்படித்தான்.

மாணவர்களுக்கு இந்தக் கடிதம்தான் பிடிக்கும். எனக்கு வாத்வா. கடிதத்தில் துணிச்சல் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரி தருணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அரசிதழை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

மூன்றாவதாக ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டீட்ரிக் கொன்ராட், ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1965இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவையே எடுத்துவிட முடியுமா, முகலாயப் பேரரசர் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். ஜெர்மனியின் கசப்பான அனுபவத்தில் பிறந்த கேள்வி அது. வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் அதை, அரசமைப்புத் திருத்தத்தால் அடிப்படை உரிமைகளைப் பறிக்க முடியுமா என்ற கோலக்நாத் வழக்குக்குள் கொண்டுவந்தார். 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பில் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் அரசமைப்பின் அடிப்படை அம்சங்களைத் திருத்தத்தால்கூட அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்தபோது, நீதிபதி கன்னா கொன்ராடின் எழுத்தை மேற்கோள் காட்டினார். அன்று பனாரஸில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் தூங்கினார்களோ, யார் கண்டது!

இனி மனித உரிமைக்கு வருகிறேன். இங்கே ஒரு பிடிவாதமான கருத்து எனக்கு உண்டு. நிர்வாகச் சட்டம் தெரியாமல் மனித உரிமை ஆய்வு செய்பவர்கள் அறிக்கைதான் எழுதுவார்கள். உலகளாவிய பிரகடனம், இரண்டு சர்வதேச உடன்படிக்கைகள், 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தேசிய ஆணையத்தின் அதிகாரங்கள் என்று ஐந்து அத்தியாயம், கடைசியில் ‘விழிப்புணர்வு தேவை’ என்று பரிந்துரை. இப்படிப்பட்ட ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெரும்பாலானவற்றை எழுதியவரும் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடும் வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வந்தவரும் தவிர யாரும் திறந்ததில்லை. உரிமை மீறல் நம் ஊரில் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். காரணம் சொல்லாத உத்தரவில், பதில் போடாத மனுவில், மொழி புரியாத ஆவணத்தில் நடக்கிறது.

உதாரணத்துக்குக் குண்டர் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால், விசாரணை இல்லாமல் ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் யாரும் பார்க்கலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் இந்த உத்தரவுகள் ரத்தாவது வழக்கம்தான், நீங்களே பார்த்திருப்பீர்கள். கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், அவருக்குத் தெரிந்த மொழியில் நகல் தரவில்லை, ஜாமீனில் வருவார் என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை. காரணங்கள் திரும்பத் திரும்ப இவைதான். பல வருடங்களாக ஒரே தவறுக்காக உத்தரவு ரத்தாகிறது, அடுத்த உத்தரவிலும் அதே தவறு வருகிறது. ஏன்? தவறு நடந்தாலும் நோக்கம் நிறைவேறிவிடுகிறதா? ரத்தாகும்போது அந்த ஆள் எத்தனை மாதம் உள்ளே இருந்திருக்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு வழக்கறிஞரால் பதில் சொல்ல முடியாது, அவருக்குத் தன் கட்சிக்காரர் வெளியே வந்தால் போதும். அதற்கு நூற்றுக்கணக்கான உத்தரவுகளை வரிசைப்படுத்தி, தேதி தேதியாகக் குறித்துக்கொள்ளும் ஒருவர் வேண்டும். நீங்கள் ஜூனியராக இருந்ததில் இந்த உத்தரவுகளைக் கையால் தொட்டிருக்கிறீர்கள். நேராக எல்.எல்.எம்.மிலிருந்து பிஎச்.டி.க்கு வருகிறவர்களுக்கு இல்லாத சொத்து அது, விட்டுவிடாதீர்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு வரலாற்றுத் தொடர்ச்சியும் இருக்கிறது. அரசமைப்பு வந்த புதிதில் உச்ச நீதிமன்றம் எழுதிய முக்கியமான தீர்ப்புகளின் தலைப்பைப் பாருங்கள்: ரொமேஷ் தாப்பர், ஏ.கே. கோபாலன், செண்பகம் துரைராஜன், வி.ஜி. ராவ். எல்லாவற்றிலும் எதிர்த்தரப்பு மெட்ராஸ் மாநிலம். பேச்சுரிமை, தடுப்புக் காவல், இடஒதுக்கீடு, சங்கம் வைக்கும் உரிமை நான்கின் முதல் பாடமும் இங்கிருந்துதான் போனது. கோபாலன் வழக்கில் 1950இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நீதிபதி ஃபசல் அலி தனியாக ஒரு பக்கம். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்காமல் சேர்த்தே படிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1970 வரையும், 21ஆவது பிரிவில் அதை முழுதாக உட்கார வைக்க 1978இன் மேனகா காந்தி தீர்ப்பு வரையும் ஆனது. தோற்ற தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அரசமைப்பு ஆசிரியரின் முக்கிய வேலை என்றுகூடச் சொல்வேன். கைடு புத்தகத்தில் ஃபசல் அலிக்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு சட்டக் கல்லூரியில் உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். மூன்றாண்டுப் படிப்பில் வேலை பார்த்துக்கொண்டே வரும் நாற்பது வயதுக்காரர்களும் இருப்பார்கள், சில சமயம் போலீஸ்காரர்களும். காவல் மரணம் பற்றிப் பாடம் எடுக்கும்போது ஒரு தலைமைக் காவலர் எழுந்து, “சார், ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னு நான் சொல்லட்டுமா?” என்று கேட்டால், அந்த மணி நேரம் நீங்கள் தயாரித்த குறிப்புகளை மூடி வைத்துவிடலாம். கைது செய்யும்போது போலீஸ் எதைப் பின்பற்ற வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகள் ஒவ்வொன்றும் நடைமுறையில் எங்கே நழுவுகிறது என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத் தீர்ப்பை வாசித்துக்காட்டி, தமிழில் விளக்கி, மறுபடி ஆங்கிலத்தில் எழுதப் பழக்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. திருச்சியிலோ பெங்களூரிலோ மாணவர்கள் நீங்கள் சொல்வதற்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிட்டு வருவார்கள், ஆனால் பலருடைய கண் கார்ப்பரேட் நிறுவன வேலையில் இருக்கும்.

பாடமும் நின்ற இடத்தில் நிற்காது. 2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டு ஆளுநர் நிறுத்தி வைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொல்லும்போது, அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்று ஒன்று கிடையாது என்றார்கள். ஒரே கல்வியாண்டில், மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய 200ஆவது பிரிவை இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பொதுவாக நம் பக்கத்தில் ஆபத்து என்பது பதவி உயர்வு தள்ளிப்போவது, கருத்தரங்குக்கு அனுமதி கிடைக்காதது, ஒரு கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று நிர்வாகம் நாசூக்காகச் சொல்வது, இந்த அளவில்தான். தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்வதாக இருந்தால், அங்கே ஏற்கெனவே வேலை செய்பவர்களிடம் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடல் தாண்டினால் நீலன் திருச்செல்வம் இருக்கிறார். ஹார்வர்டில் சட்டம் படித்து, கொழும்பில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச மையத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1990களின் நடுவில் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை எழுதுவதில் பங்கெடுத்தார். அதற்காக 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அரசமைப்பு வரைவு எழுதுவது எத்தனை பேரைக் கோபப்படுத்தும் வேலை என்பதற்கு அவர் வாழ்க்கையைத்தான் மாணவர்களிடம் சொல்கிறேன். தமிழ் மாணவர்கள் அவர் பெயரைத் தெரியாமல் பட்டம் வாங்குவது எனக்கு வருத்தம்.

சரி, பிழைப்பு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் சட்டம் என்ற பாடம் இருக்கிறது, ‘மனித உரிமைகளும் கடமைகளும்’ என்று தனிப் பாடமும் இருக்கிறது. சட்டத்தையே எடுங்கள். மனித உரிமைப் பாடத்தில் தகுதி பெற்றால், விண்ணப்பிக்கத் துறைகள் மிகக் குறைவு. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பொதுப் பிரிவில் 30 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு, உங்கள் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. பிஎச்.டி. இல்லாமலே, நெட் அல்லது மாநில அளவிலான செட் இருந்தாலே நேரடி நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஜூலை முதல் விதி. ஆகவே பிஎச்.டி. முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று காத்திருக்காதீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அறிவிப்பு வெளியிடுவது எப்போதாவதுதான். வந்தால் தவற விடக்கூடாது. இடையில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைக்கும், பாடச்சுமை முழுதாக இருக்கும், சம்பளம் முழுதாக இருக்காது. அதில் மாட்டிக்கொண்டு ஆய்வை விட்டவர்கள் நிறையப் பேர்.

கட்டுரை வெளியீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்பு தரமான இதழ்களுக்கு யு.ஜி.சி.யின் கேர் பட்டியல் என்று ஓர் அளவுகோல் இருந்தது, 2025 தொடக்கத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது உங்கள் மூளைதான் அளவுகோல். இந்தியச் சட்ட நிறுவனத்தின் இதழ் போன்ற ஒன்றில் இரண்டு ஆண்டு கழித்து வரும் ஒரே கட்டுரை போதும்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் சொல்லாமல் விடுவார்கள். முழுநேரச் சம்பள ஆசிரியர் வக்கீல் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் விதிப்படி வேலையில் சேரும்போது தொழிலை நிறுத்தி வைப்பதாகத் தெரிவிக்க வேண்டும். ஆனால் வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. அதனால் உடனே கவுனைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு கல்லூரியில் பகுதிநேரமாக நிர்வாகச் சட்டம் எடுத்துப் பாருங்கள். மாலையில் உயர் நீதிமன்றத்தின் இணையதளத்திலிருந்து குண்டர் சட்ட உத்தரவுகளை இறக்கி, காவல் உத்தரவின் தேதி, முறையீடு போன தேதி, பதில் வந்த தேதி, ரத்தான தேதி என்று நான்கு பத்தி போட்டு ஒரு எக்செல் தாளில் நிரப்புங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அதன் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் எடுக்கலாம், மனுபத்ரா என்ற கட்டணத் தளத்தின் சந்தா வேண்டாம். அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களும் இணையத்தில் கிடைக்கின்றன, தடுப்புக் காவல் பிரிவு பற்றி 1949 செப்டம்பரில் அவர்கள் சண்டை போட்டதை முதலில் படியுங்கள். நூறு உத்தரவுகள் வரை போய், அடுத்த நூறுக்கும் கை தானாகப் போனால், ஒரு நல்ல கைடைத் தேடத் தொடங்குங்கள். ஐம்பதிலேயே அலுத்துவிட்டால் சீனியரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அந்த எக்செல் தாளை எனக்கு அனுப்பிவிடுங்கள்.